போர்க்கப்பலும் கல்நார்த் தூசியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பட்டர்வொர்த் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் 22 வருடம் இருந்தேன். கடைசி 9 வருடம் பாதுகாப்பு மேற்பார்வையாளன். எனக்கு முன்னால் என் அப்பா சிங்கப்பூர் செம்பவாங் நேவல் பேஸில் நீராவிக் குழாய்களுக்குக் கல்நார் (அஸ்பெஸ்டாஸ்) உறை கட்டும் ‘லேக்கிங்’ வேலை செய்தவர். அதனால் பாகான் டாலாம், பிறை பக்கம் பழைய கப்பல்காரர் வீட்டில் யாருக்காவது இருமல் நீண்டால், டாக்டரைப் பார்ப்பதற்கு முன்போ பின்போ என்னிடமும் வந்து கேட்பார்கள். கல்யாண வீட்டில் கேட்பார்கள், துக்க வீட்டில் கேட்பார்கள், தே தாரேக் ஆறும் வரை கேட்பார்கள்.

கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் எழுதி வைத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை, வக்கீலும் இல்லை. தூசிக்குப் பக்கத்தில் நின்றவன், அவ்வளவுதான்.

அஸ்பெஸ்டாஸ்னா கூரைத் தகடுதானே அண்ணே? அதுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?

கூரைத் தகடு, கல்நாரைச் சிமெண்டோடு கலந்து செய்த ஒரு பொருள். கல்நார் என்பது பூமியிலிருந்து வெட்டி எடுக்கும் கனிமம். கல்தான், ஆனால் பஞ்சு மாதிரி இழை இழையாகப் பிரியும். அந்த இழையை நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம், களியாகக் குழைத்துப் பூசலாம். நெருப்பில் எரியாது, சூட்டைக் கடத்தாது, விலையும் மலிவு. ‘கல் நார்’ என்று தமிழில் யார் பெயர் வைத்தார்களோ, ரொம்பச் சரியாக வைத்திருக்கிறார்கள்.

வியாபாரத்தில் புழங்கியவை முக்கியமாக மூன்று: வெள்ளை, பழுப்பு, நீலம். வெள்ளையின் இழை சுருண்டிருக்கும். பழுப்பும் நீலமும் ஊசி மாதிரி நேராக இருக்கும், நுரையீரலில் போய் நீண்ட காலம் தங்கிவிடும். மூன்றுமே புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவுக்குச் சந்தேகமே இல்லை. ‘வெள்ளை பரவாயில்லை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கப்பல் இரும்புதானே? அதுல எதுக்கு இதைப் போய் வச்சாங்க?

பழைய போர்க்கப்பல் என்பது துப்பாக்கி கட்டிய பாய்லர். பினாங்குத் துறைமுகத்துக்குள் 1914 அக்டோபர் 28 விடியற்காலையில் புகுந்து, ரஷ்யாவின் ‘ஷெம்சுக்’ கப்பலை மூழ்கடித்த எம்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் குண்டு போட்டு, தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்ட அதே எம்டன்தான். அதற்கு 12 பாய்லர்கள். பின்னால் வந்த கப்பல்களில் நீராவியின் சூடும் அழுத்தமும் இன்னும் கூடின. அந்த நீராவி, ஆட்கள் வேலை செய்யும், தூங்கும் இடங்களைத் தாண்டிக் குழாயில் ஓடும். மூடாவிட்டால் தொட்டவன் கை வெந்துபோகும், எஞ்சின் அறையில் மனிதன் நிற்க முடியாது, எரிபொருளும் வீணாகும்.

அதற்கு மேல் போர்க்கப்பலுக்கு இரண்டு கவலைகள் உண்டு: எடை, தீ. குண்டு பட்டால் ஒரு அறையின் தீ அடுத்த அறைக்குத் தாவக் கூடாது. கனமான பொருளைக் கட்டினால் வேகம் குறையும். லேசாகவும் எரியாததாகவும் அன்றைக்குக் கிடைத்தது கல்நார்தான். இரண்டாம் உலகப் போரில் அவசர அவசரமாகக் கட்டிய கப்பல்களில் அதை அள்ளிப் போட்டார்கள்.

பாய்லர் ரூம்ல மட்டும்தானே இருந்துச்சு?

அங்கேதான் அதிகம். பாய்லர், டர்பைன், நீராவிக் குழாய் எல்லாவற்றுக்கும் மேலே கல்நார் கலந்த மெக்னீசியாக் களியைப் பூசி, கல்நார்த் துணியைச் சுற்றி, வண்ணம் அடித்திருப்பார்கள். சில கப்பல்களில் சுவரிலும் மேல்தட்டின் அடியிலும் நேரடியாகத் தெளித்தே விட்டிருந்தார்கள். பிரிட்டிஷ் கப்பல்களில் அப்படித் தெளித்தது பெரும்பாலும் நீலக் கல்நார்.

அது போக, குழாய் இணைப்பில் வைக்கும் கேஸ்கெட், வால்வுத் தண்டைச் சுற்றி அடைக்கும் கயிறு, அறைகளைப் பிரிக்கும் பலகை, தரை ஓடு, மின்கம்பி உறை, வின்ச்சின் பிரேக் பட்டை, வெல்டிங் போர்வை, சூட்டுக் கையுறை. கேஸ்கெட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒட்டிக்கொண்ட பழைய கேஸ்கெட்டை ஸ்க்ரேப்பராலும் கம்பி பிரஷ்ஷாலும் சுரண்டி எடுப்பது எத்தனையோ ஃபிட்டர்களின் தினசரி வேலை. முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் நடக்கிற வேலை அது.

எங்க அப்பா கப்பல்ல சமையல்காரர். பாய்லர் பக்கமே போனதில்ல. அவருக்கு எப்படி வரும்?

குழாய்கள் அவருடைய சமையலறை வழியாகவும் போயிருக்கும், படுக்கைக்கு மேலாகவும் போயிருக்கும். எஞ்சின் அதிர்வில் பழைய உறை உதிரும். பீரங்கி சுடும்போது மேலிருந்து வெள்ளைத் தூள் கொட்டியதாகச் சொன்ன பழைய மாலுமிகள் உண்டு. மூடிய இடம், குறைந்த காற்று, அதே காற்று சுற்றிச் சுற்றி வரும். கரையில் உள்ள ஆலைத் தொழிலாளி சாயந்திரம் வீட்டுக்குப் போய்விடுவான், மாலுமிக்கு வேலையும் வீடும் ஒன்றே.

பதவியும் காப்பாற்றவில்லை. அமெரிக்கக் கடற்படையின் தலைமைத் தளபதியாக இருந்த அட்மிரல் எல்மோ சும்வால்ட் 2000 ஜனவரியில் இறந்தது மீசோதெலியோமா என்ற கல்நார்ப் புற்றுநோயால்தான்.

இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். பாய்லர் அறையில் வேலை செய்தவருக்கு இருந்த ஆபத்து சமையல்காரரின் ஆபத்தைவிட அதிகம். ‘வரவே வராது’ என்பதும் தப்பு, ‘கண்டிப்பாக வரும்’ என்பதும் தப்பு.

கப்பல்ல போனவனுக்கு ஆபத்து அதிகமா, டாக்யார்டுல வேலை செஞ்சவனுக்கா?

பழுதுபார்க்கும் தளத்தில் பழைய உறையை உடைத்து எடுத்தவனுக்குத்தான் அதிகம். பிரிட்டனின் டெவன்போர்ட் கடற்படைத் தளத்தில் 1960-களில் கடற்படை மருத்துவர் பீட்டர் ஹாரிஸ் காற்றை அளந்து பார்த்தார். பழைய உறையைக் கழற்றும் வேலையில்தான் தூசி மிகக் கடுமையாக இருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. உறைக்காரர் மட்டுமல்ல, பக்கத்தில் நின்ற வெல்டர், எலெக்ட்ரீஷியன், பெயிண்டர் எல்லோரும் மாட்டியிருந்தார்கள். கப்பலின் ஒரு அறைக்குள் நாலு வேலைக்காரர்கள் ஒரே நேரத்தில் நிற்பது உங்களுக்கே தெரியும். தூசிக்கு யார் எந்தப் பிரிவு என்று தெரியாது.

என் அப்பா வேலை முடிந்து வரும்போது மாவு மில்லிலிருந்து வருகிற ஆள் மாதிரி இருப்பாராம். மூட்டையைப் பிரித்து டிரம்மில் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் கையாலேயே குழைப்பார்கள். மதிய இடைவேளையில் அந்தக் களியை உருட்டி ஒருவர் மேல் ஒருவர் எறிந்து விளையாடியதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். நாங்களும் சிரித்துக்கொண்டே கேட்போம்.

நம்ம மலேசியக் கப்பல்லயுமா?

நம் கடற்படையின் ஆரம்பக் காலக் கப்பல்கள் பிரிட்டனிலிருந்து வந்தவை. 1964-இல் வந்த முதல் ‘கேடி ஹாங் துவா’, அதற்கு முன் பிரிட்டனின் ‘லாக் இன்ஷ்’, இரண்டாம் உலகப் போர்க் காலத்து நீராவிக் கப்பல். அந்தத் தலைமுறைக் கப்பல்களுக்குக் கல்நார் உறைதான் வழக்கம். டீசல் கப்பல்களில் பாய்லர் வேலை குறைவு, ஆனால் புகைபோக்கிக் குழாயின் உறை, கேஸ்கெட், பிரேக் பட்டை இருந்தன.

நம் ஆட்களும் இதில் நிறையப் பேர். 1967-இல் 31 வயதில் மலேசியக் கடற்படையின் முதல் மலேசியத் தளபதியானவர் தனபாலசிங்கம், தமிழர். அது மேல்மட்டம். கீழ்மட்டத்தில் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் கடற்படைத் தளத்திலும் பிறகு இங்கே லுமுட் தளத்திலும் எஞ்சின் அறைகளில் இருந்தவர்கள் உண்டு. செம்பவாங் நேவல் பேஸில் கூலியாகவும் ஃபிட்டராகவும் இருந்த தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம். பிரிட்டிஷார் 1971-இல் கிளம்பிய பிறகு அவர்களில் பலர் இக்கரைக்குத் திரும்பினார்கள். செம்பவாங் முருகனுக்குப் பங்குனி உத்திரக் காவடி எடுத்த கதை தெரிந்த பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் என்ன வேலை செய்தார் என்றும் கேட்டு வையுங்கள்.

வேலையை விட்டே நாப்பது வருஷம் ஆச்சு. இனிமே எங்க வரப்போகுது?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். கல்நார் நோய் வரும் காலமே அதுதான். தூசியைச் சுவாசித்து 20 வருடம் முதல் 50 வருடம் வரை கழித்து மீசோதெலியோமா வெளிப்படும். இருபது வயதில் சுவாசித்தது அறுபத்தைந்தில் வந்து கதவைத் தட்டும். அதற்குள் கப்பல் உடைக்கப்பட்டிருக்கும், கம்பெனி பெயர் மாறியிருக்கும், கூட வேலை செய்தவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

ஆகவே இன்றே ஒரு தாளை எடுங்கள். எந்தக் கப்பல், எந்தத் தளம், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, என்ன வேலை, யார் கூட இருந்தார். அழகாக எழுத வேண்டாம். பெரியவருக்கு ஞாபகம் இருக்கும்போதே எழுதுங்கள். கீழே பல இடங்களில் இந்தத் தாளைத் திரும்பக் கேட்பேன்.

நான் ஒரே ஒரு மாசம்தான் இருந்தேன். அதுக்கே வந்துடுமா?

அளவும் காலமும் கூடக்கூட ஆபத்தும் கூடும். பத்து வருடம் உறை உடைத்தவரோடு உங்களை ஒப்பிட முடியாது. நுரையீரல் தழும்பாகிப் போகும் அஸ்பெஸ்டோசிஸ், பொதுவாக நீண்ட நாள் கனமாகச் சுவாசித்தவர்களுக்கே வரும். மீசோதெலியோமா மட்டும் குறைந்த அளவிலும் வந்திருக்கிறது, ‘இதற்குக் கீழே ஒன்றும் செய்யாது’ என்று கோடு போட முடியாது. ஒரு மாதம் இருந்தவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் சொல்ல மறக்கவும் வேண்டாம்.

என்னென்ன வியாதி வரும்? எல்லாமே கேன்சரா?

இல்லை. நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வு ஆங்காங்கே தடித்துப்போவது ஒன்று. அது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. தூசி உள்ளே போனதற்கு ஒரு முத்திரை, அவ்வளவுதான். அஸ்பெஸ்டோசிஸ் இரண்டாவது. மாடிப்படி ஏற மூச்சு வாங்கும், வறட்டு இருமல், டாக்டர் முதுகில் ஸ்டெத் வைத்தால் கீழ்ப்பகுதியில் நறநறவென்று சத்தம். அதை முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை.

மூன்றாவது நுரையீரல் புற்றுநோய். நான்காவது மீசோதெலியோமா, அந்தச் சவ்விலேயே வருவது. சில சமயம் வயிற்றுச் சவ்விலும் வரும். பெரும்பாலும் நெஞ்சில் நீர் கோர்ப்பதில்தான் ஆரம்பம். இதற்குக் கீமோதெரபி உண்டு, 2020 முதல் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகள் இரண்டைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையும் உண்டு. ஆயுளை நீட்டும், பெரும்பாலும் ஒழிக்காது. இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அவர் சிகரெட் புடிச்சார், அதனாலதான் வந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க.

அமெரிக்காவில் உறைத் தொழிலாளர்களிடம் செய்த ஒரு பெரிய ஆய்வு 1979-இல் வெளிவந்தது. சிகரெட்டும் இல்லாமல் கல்நாரும் இல்லாமல் இருப்பவர் நுரையீரல் புற்றுநோயால் சாகும் வாய்ப்பை 1 என்று வைத்தால், கல்நார் மட்டும் இருந்தவருக்கு 5 மடங்கு, சிகரெட் மட்டும் என்றால் 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 53 மடங்கு. ஒன்றோடொன்று கூடவில்லை, பெருகியிருக்கிறது.

எனவே ‘சிகரெட்தான் காரணம்’ என்று சொல்லிக் கல்நாரைக் கழற்றிவிட முடியாது. மீசோதெலியோமாவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, அதற்கும் சிகரெட்டுக்கும் தொடர்பு இல்லை. இன்னும் புகைப்பவர் இதைப் படித்தால், இன்றே விட்டால்கூட நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு குறையும்.

டாக்டர் டிபின்னு சொல்லி மாத்திரை குடுத்துட்டாரே?

நம் நாட்டில் டிபி இன்னும் இருக்கிறது. நெஞ்சில் நீர் கோர்த்த தமிழ்ப் பெரியவரைப் பார்த்தால் டாக்டருக்கு முதலில் டிபி நினைவு வருவது இயல்பு. அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் சளியில் கிருமி இல்லை, மருந்து சாப்பிட்டும் நீர் திரும்பத் திரும்பக் கோர்க்கிறது என்றால் கேள்வி கேட்க வேண்டும்.

என் அப்பாவுக்கு அதுதான் நடந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் ஏழு மாதம் டிபி மாத்திரை. ‘என்ன வேலை செய்தீர்கள்?’ என்று ஒருவரும் கேட்கவில்லை. அட்டையில் ‘ஓய்வு பெற்றவர்’ என்று மட்டும் எழுதியிருந்தது. இளம் டாக்டர் ஒருவர், பெண், சும்மா பேச்சுக் கொடுத்தபோது அப்பா களி எறிந்த கதையைச் சொன்னார். அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அடுத்த வாரம் சவ்விலிருந்து சதை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், மேலே சொன்ன தாளைக் கையில் கொடுங்கள். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஜாலான் பகாங்கில் சுவாச நோய்களுக்கென்றே அரசு மருத்துவ நிலையம் இருக்கிறது. பினாங்கில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

ஒரு எக்ஸ்ரே எடுத்தா தெரிஞ்சிடாதா?

முற்றிய நிலையில் தெரியும். ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரே ஏமாற்றும். நுண்ணிய சிடி ஸ்கேன் அதைவிடத் துல்லியம். மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனையும் சேர்த்துச் செய்வார்கள். புற்றுநோய்ச் சந்தேகம் என்றால் சதை எடுத்துப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டார்கள். உடம்பில் கல்நார் இருக்கிறதா என்று சொல்லும் சாதாரண ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. அப்படி விளம்பரம் பார்த்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா கப்பல் பக்கமே போனதில்ல. அப்பாவோட சட்டையத் துவைச்சாங்க, அவ்வளவுதான்.

அது போதும். கணவனின் வேலைச் சட்டையை உதறித் துவைத்த மனைவிக்கும், வேலையிலிருந்து வந்த அப்பாவின் மடியில் ஏறிய பிள்ளைக்கும் மீசோதெலியோமா வந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. துவைப்பதைவிட உதறுவதுதான் மோசம். எங்கள் அம்மா வாசலில் நின்று உதறுவார், வீட்டுக்குள் தூசி வரக் கூடாது என்று. அம்மாவின் மருத்துவ அட்டையிலும் அப்பாவின் வேலையை எழுதச் சொல்லுங்கள்.

இவ்வளவு ஆபத்துன்னு அப்பவே யாருக்கும் தெரியாதா?

தெரியும். பிரிட்டனில் 1930-இல் மெர்வெதர், பிரைஸ் இருவரும் கல்நார் நெசவாலைத் தொழிலாளர்கள் 363 பேரைச் சோதித்தார்கள். 95 பேருக்கு நுரையீரல் தழும்பாகியிருந்தது. அடுத்த ஆண்டே ஆலைகளுக்கு விதி வந்தது. கப்பலில் உறை கட்டுபவன் அந்த விதியின் கைக்கு எட்டாமல் வெளியே நின்றான்.

அதைவிட எனக்கு ஆத்திரம் தருவது 1946-இல் வந்த ஓர் ஆய்வு. அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் கட்டிய நான்கு தளங்களில் உறைத் தொழிலாளர்கள் 1,074 பேரைப் பார்த்தார்கள். மூன்று பேருக்குத்தான் அஸ்பெஸ்டோசிஸ். ‘இந்த வேலை ஆபத்தில்லை’ என்று முடிவு கட்டினார்கள். ஆனால் பார்த்தவர்களில் 95 சதவீதம் பேர் வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம்கூட ஆகாதவர்கள், போருக்காக ஆள் எடுத்திருந்தார்கள். நாப்பது வருடக் கேள்விக்கு மேலே என்ன சொன்னேன்? இருபது வருடத்துக்கு முன் நோய் பெரும்பாலும் தலைகாட்டாது. விதை போட்ட மறுநாள் தோட்டத்தைப் பார்த்துவிட்டு ‘இங்கே ஒன்றும் முளைக்காது’ என்று எழுதிக் கொடுத்த மாதிரி. அந்த ஆய்வை வருடக்கணக்கில் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவர் குழுவும் 33 மீசோதெலியோமா நோயாளிகளைக் காட்டி, நீலக் கல்நாரோடு முடிச்சுப் போட்டார்கள். 1964-இல் நியூயார்க்கில் செலிகாஃப் உறைத் தொழிலாளர்களின் சாவுக் கணக்கைப் போட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு ‘தெரியாது’ என்ற சொல் யாருக்கும் செல்லாது. பிரிட்டன் நீலத்தையும் பழுப்பையும் 1985-இல் தடை செய்தது, வெள்ளையை 1999-இல். நம் நாட்டில் 1986-இல் வந்த கல்நார் ஒழுங்குமுறை நீலக் கல்நாரைத் தடுத்தது. எல்லா வகையையும் தடை செய்ய வேண்டும் என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல காலமாகக் கேட்டு வருகிறது.

சொக்சோ காசு குடுக்குமா?

சொக்சோ என்பது நம் நாட்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். தனியார் டாக்யார்டில் அல்லது காண்ட்ராக்டரிடம் அதற்குச் சந்தா கட்டி வேலை செய்தவர் விண்ணப்பிக்கலாம். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் கல்நார் நோய்கள் இருக்கின்றன. தொழிலால்தான் வந்ததா என்பதைச் சிறப்பு மருத்துவர் குழு பார்க்கும். அங்கே கேட்கப்போவது இரண்டு: நோய் உறுதியா, தூசியில் வேலை செய்ததற்கு என்ன ஆதாரம்?

இரண்டாவதில்தான் முக்கால்வாசிப் பேர் தடுமாறுகிறார்கள். கம்பெனி மூடிவிட்டது என்று கையை விரிக்காதீர்கள். ஈபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதியின் பழைய கணக்கில் முதலாளி பெயர் இருக்கும். டாக்யார்டு நுழைவு அட்டை, சம்பளச் சீட்டு, யூனியன் அட்டை, வேலை உடையோடு எடுத்த போட்டோ எல்லாம் உதவும். கூட வேலை செய்தவர் உயிரோடு இருந்தால் சத்தியப் பிரமாணம் எழுதி வாங்குங்கள். லுமுட் தளம் மாதிரி அரசிடமிருந்து தனியாருக்கு மாறிய இடங்களில், எந்த வருடத்தில் யார் முதலாளி என்பதைத் தாளில் தனியாகக் குறியுங்கள்.

எங்க மாமா கடற்படைச் சிப்பாய். அவருக்கும் சொக்சோதானா?

இல்லை. ராணுவத்தினர் சொக்சோவுக்குள் வர மாட்டார்கள். அவர் போக வேண்டியது முன்னாள் படைவீரர் விவகாரத் துறைக்கு. சேவைக் காலப் பதிவேட்டில் எந்தக் கப்பல், எந்தப் பிரிவு என்று இருக்கும். அதன் நகலை முதலில் வாங்குங்கள்.

மற்ற நாடுகளிலும் சீருடைக்காரர் பாடு லேசாக இருந்ததில்லை. பிரிட்டனில் 1987-க்கு முன்னால் பாதிப்புக்கு ஆளான சிப்பாய், அரசின் மேல் வழக்கே போட முடியாதபடி சட்டம் தடுத்தது. 2016-இல்தான் மீசோதெலியோமா வந்த முன்னாள் படைவீரருக்கு 1,40,000 பவுண்டு ஒரே தொகையாக வாங்கிக்கொள்ளும் வழி வந்தது. அமெரிக்காவிலும் 1950-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று ராணுவத்தினர் அரசைக் கேட்கும் வழியை அடைத்துவிட்டது. அதனால் அவர்கள் கல்நார் விற்ற கம்பெனிகளைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். அதில் பெரிய கம்பெனியான ஜான்ஸ்-மேன்வில் 1982-இல் திவால் மனு கொடுத்தது.

புதுக் கப்பல்ல இருக்காதே? 2011-லயே தடை பண்ணிட்டாங்கன்னு என் மகன் சொல்றான்.

மகன் படித்தவன், பாதி சரி. சோலாஸ் எனும் சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் 2002 ஜூலை முதல் கப்பலில் புதிதாகக் கல்நார் பொருத்துவதைச் சில விதிவிலக்குகளோடு தடுத்தது. 2011 ஜனவரி முதல் விதிவிலக்கும் இல்லை. ஆனால் சோலாஸ் வணிகக் கப்பலுக்கானது, போர்க்கப்பலுக்குப் பொருந்தாது. அங்கே அந்தந்த நாட்டுக் கடற்படை வைத்த விதிதான்.

இன்னொன்று, தடை என்பது புதிதாகப் பொருத்துவதற்கு. 1980-இல் கட்டிய கப்பலில் அன்று வைத்தது இன்றும் உள்ளேயே இருக்கலாம். ‘கல்நார் இல்லை’ என்று சான்றிதழோடு வந்த புதுக் கப்பல்களில்கூட உதிரி பாகம் வழியாக, முக்கியமாகக் கேஸ்கெட்டில், கல்நார் வந்து சேர்ந்திருக்கிறது. சான்றிதழைப் பார்த்து மாஸ்க்கைக் கழற்றாதீர்கள்.

பழைய போர்க்கப்பல உடைக்கிற வேலைக்குக் கூப்பிடுறாங்க, நல்ல சம்பளம். போலாமா?

உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலைக் கேளுங்கள். தர மறுத்தால் போகாதீர்கள். பிரான்ஸின் விமானந்தாங்கிக் கப்பல் ‘கிளமான்சோ’ 2005 கடைசி நாளில் குஜராத்தின் அலாங்கில் உடைபடக் கிளம்பியது. உள்ளே எவ்வளவு கல்நார் என்ற சண்டை முற்றி, 2006 பிப்ரவரியில் பிரான்ஸ் அதிபரே திருப்பி அழைத்தார். கடைசியில் இங்கிலாந்தில் உடைத்தார்கள். அதன் தங்கைக் கப்பலான ‘ஃபோஷ்’ பிரேசிலுக்கு விற்கப்பட்டு ‘சாவோ பாவ்லோ’ ஆனது. உடைக்க எடுத்துப்போனபோது துருக்கி உள்ளே விட மறுத்தது. ஒரு துறையிலும் இடம் கிடைக்காமல் அலைந்து, 2023 பிப்ரவரி 3 அன்று பிரேசில் அதைக் கடலில் மூழ்கடித்தது. நாடுகளே கை வைக்கப் பயப்படும் சாமானை நீங்கள் கேஸ் கட்டரோடு தனியாகப் போய் வெட்டுவதா?

ஈரத்துணிய மூஞ்சில கட்டிக்கிட்டா போதாதா?

போதாது. ஆபத்தான இழைகள் 3 மைக்ரானுக்கும் மெல்லியவை. தலைமுடி 70 மைக்ரான் வரும். துணியும் கோவிட் காலத்து நீல மாஸ்க்கும் இதற்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும், பி100 அல்லது பி3 வடிகட்டி போட்ட மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும், முருகனுக்கு வேண்டிக்கொண்டு வளர்த்த தாடியானாலும் சரி. நனைக்க வேண்டியது துணியை அல்ல, கல்நாரை. சோப்புத் தண்ணீரைத் தெளித்து நன்றாக ஊற வைத்துத்தான் கை வைக்க வேண்டும். விளக்குமாறு, காற்றுக் குழாய், சாதாரண வேக்குவம் மூன்றும் கூடவே கூடாது.

அருங்காட்சியகக் கப்பலுக்குப் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போலாமா?

போகலாம். மூடி வண்ணம் அடித்து, உடையாமல் இருக்கும் கல்நார் தூசி விடாது. பொதுமக்களை விடும் பகுதியில் தொங்கும் உறை, கிழிந்த துணி எதையாவது பார்த்தால் கை வைக்காமல் காவலரிடம் சொல்லுங்கள்.

அப்பா கப்பல்ல இருந்து கொண்டுவந்த வெள்ளைக் கையுறை ஒரு ஜோடி இரும்புப் பெட்டியில இருக்கு. அவர் ஞாபகமா வச்சிருக்கோம். என்ன பண்றது?

சூட்டுக் கையுறை, தடித்த நெசவு, அந்தக் காலத்துச் சரக்கு என்றால் கல்நார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறந்து எடுத்துப் பார்க்க வேண்டாம், பேரப்பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டவும் வேண்டாம். திறந்தே ஆக வேண்டும் என்றால் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, மேலே சொன்ன மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணீரை மெதுவாகத் தெளித்து நனைத்துவிட்டு, தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, மேலே ‘கல்நார்’ என்று தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள். பெட்டியை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் அதே பையில் போடுங்கள். குப்பை லாரியில் போடாதீர்கள், கல்நார்த் தூசி நம் சட்டப்படி அட்டவணைக் கழிவு, அதாவது தனியாகக் கையாள வேண்டிய ஆபத்தான கழிவு, எண் 201. சுற்றுச்சூழல் துறை அலுவலகத்துக்குப் போன் செய்து, உரிமம் உள்ளவரிடம் எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள்.

ஒப்படைப்பதற்கு முன் பையோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்து, சொக்சோ கேள்வியில் சொன்ன ஆதாரங்களோடு வையுங்கள். எங்கள் வீட்டில் அப்பாவின் கையுறை இல்லை, அம்மா எப்போதோ அடுப்பில் சட்டி இறக்கப் பயன்படுத்திக் கிழிந்துபோனது.